எந்தப் பூ வந்தது

"எதைப் படிக்கன்னு நீங்களே சொல்லிருங்கம்மா" என்றாள் உலகம்மாள்.

குரு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயது. சிஷ்யை உலகம்மாளுக்கு நாற்பத்திரண்டு. சிஷ்யை "அம்மா" என்பாள், குரு "அக்கா" என்பாள். மலையடிவாரத்து அந்தக் குடிலில் அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

உலகம்மாள் இந்த வருஷம்தான் பிளஸ் டூ தேறியிருந்தாள். கல்லூரியில் சேர நாளைதான் கடைசி நாள். வணிகவியலிலும் இடம் இருந்தது, தாவரவியலிலும் இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வணிகவியல் படிச்சா கடைக்கு உதவும்ங்காரு. தாவரவியல் படிச்சு என்ன செய்வேன்னு கேட்டாரு. சரி, பூப் போட்டுப் பார்ப்போம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். செவ்வரளி வந்தா வணிகவியல். நந்தியாவட்டை வந்தா தாவரவியல்."

"போட்டாச்சா?"

"அம்மன் கோயில்ல போட்டோம்."

"என்ன வந்துச்சு?"

"செவ்வரளி. பூசாரி தூக்கக் கலக்கத்துல எடுத்தாரு. அது சேராது."

"அப்புறம்?"

"பிள்ளையார் கோயில்ல."

"அங்க?"

"செவ்வரளி. பிள்ளையாருக்குச் செவப்புன்னா பிடிக்கும்லாம்மா. அதுவும் சேராது."

குரு முறத்தின் மேல் குனிந்து வெகுநேரம் கல் பொறுக்கினாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"இதான் கடைசி, இதுக்கு மேல கோயில் கிடையாதுன்னு அவரே இங்க கூட்டிட்டு வந்திருக்காரு."

வேலிக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார் அவள் வீட்டுக்காரர் சிவசைலம். கும்பிடு போட்டார்.

குரு எழுந்தாள். வேலியோரத்துச் செடிகளில் சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் பறித்தாள். வாழையிலைக் கிழிசலில் தனித்தனியே மடித்தாள். முந்தானைக்குள் போட்டுக் குலுக்கித் தரையில் வைத்தாள்.

"நீங்களே எடுங்க அக்கா. நான் கஞ்சியைப் பார்த்துட்டு வாரேன்."

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றபடி அவள் காத்திருந்ததெல்லாம் இப்போது ஒரு இலைக் கிழிசலுக்குள் இருந்தது.

ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தாள். கண்ணைத் திறந்தாள்.

ஐந்து இதழ். ஐந்தும் காற்றாடி போல ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன.

அவள் புருவம் சுருங்கியது. மற்ற மடிப்பையும் பிரித்தாள்.

அதுவும் காற்றாடிதான். ஆனால் மறுபக்கம் திரும்பியிருந்தது.

இரண்டையும் இதழ் இதழாகப் பிய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வேலியோரம் போனாள்.

கஞ்சி கொதித்தது, இறங்கியது, ஆறியும் போனது. குரு பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. செடிக்குள் தலையை விட்டிருந்தாள். கொண்டையெல்லாம் இலை.

சிவசைலம் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன வந்துச்சு?"

"இங்க வாங்களேன். இந்தச் செடியில அத்தனை பூவும் இந்தப் பக்கமாத் திரும்பியிருக்கு. அந்தச் செடியில அத்தனையும் அந்தப் பக்கம். மேல கீழ எல்லாம் தேடிட்டேன். ஒண்ணுகூட மாறித் திரும்பல. அது எப்படி?"

"பூ என்ன வந்துச்சுன்னுல்லா கேட்டேன்."

உலகம்மாள் தரையைப் பார்த்தாள்.

இரண்டு இலையும் விரிந்து கிடந்தன. சிவப்பும் வெள்ளையும் இதழ் இதழாகக் கலந்து கிடந்தன. முதலில் பிரித்தது எது?

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் நிற்கவில்லை.

சிவசைலம் குருவைப் பார்த்தார். குரு கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குடித்தபடியே ஒரு கிளையை வளைத்தார். ஒரு பூவைப் பார்த்தார். பக்கத்துப் பூவையும் பார்த்தார். அடுத்த செடிக்குப் போனார்.

"ஆமால்லா" என்றார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு, அவள் கொண்டையில் இருந்த இலையைத் தட்டிவிட்டார்.

"காலையில வெள்ளனக் கிளம்பணும். தாவரவியலுக்குக் கூட்டம் எப்படி இருக்குமோ."