எதிர்வீட்டுக்குக் கேட்ட சத்தம்

மடத்தில் மார்கழி பஜனை முடிந்து எல்லோரும் பொங்கலுக்கு இலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். தவசிலிங்கம் மட்டும் வாங்கவில்லை. மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடலியா?"

"எறங்கல சாமி."

"பையில என்ன?"

தவசிலிங்கம் திறந்து காட்டினார். எல்லாம் பூட்டுகள். ஒவ்வொன்றும் தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது.

"முந்தாநாள் இதே நேரம் நானும் வீட்டுக்காரியும் இங்க உக்காந்து பாடிக்கிட்டிருந்தோம். அங்க ஒருத்தன் என் கார் ஷெட்டு ஷட்டரை நெம்பித் தூக்கி, பேட்டரியையும் ஸ்டெப்னியையும் கொண்டுபோயிட்டான். உங்க மடத்துல எனக்குக் கெடச்ச பிரசாதம் அதுதான்."

சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

"வண்டி இருக்கா?"

"இருக்கு. வேற பேட்டரியும் போட்டாச்சு. ஆனா அவன் வண்டிக்கும் வருவான் சாமி. ராத்திரி பூரா ஷட்டருக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருக்கேன். தூங்காத கண்ணை வெச்சுக்கிட்டு எப்படி ஸ்டியரிங் பிடிக்கிறது? டயாலிசிஸுக்கு மதுரை போறவங்களைத்தான் தெனமும் ஏத்துறேன். நேத்தும் போகல, இன்னைக்கும் போகல. அவங்க வேற வண்டி பாத்துக்கிட்டா என் பொழப்பு அவ்வளவுதான்."

"இப்ப யாரு காவல்?"

"வீட்டுக்காரி. ஷட்டர் முன்னால நாற்காலி போட்டு உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன்."

பூட்டுகளைச் சாமியின் பக்கம் நகர்த்தினார்.

"எந்தப் பூட்டை எங்க போட்டா அவன் வரமாட்டான்? அதை மட்டும் சொல்லுங்க."

"பாத்துதான் சொல்லணும்" என்று சாமி எழுந்தார்.

சாமியைப் பார்த்ததும் தவசிலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். ஷெட்டுக்கு முன்னால் கார் ஏற ஒரு சிமெண்டுச் சரிவு இருந்திருக்கிறது. இப்போது அது உடைந்த கல்லாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு பலகைகள்.

"இது என்ன?"

"எதிர்வீட்டு இருளப்பன் பண்ணின வேலை. என் சரிவு சாக்கடையை அடைச்சு மழைத்தண்ணி அவன் வீட்டுக்குள்ள போகுதுன்னு பஞ்சாயத்துல எழுதிக் குடுத்து, ஆள் வந்து இடிச்சிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சாமி. இப்ப தெனமும் பலகை போட்டுத்தான் வண்டியை இறக்குறேன்."

"அவர் என்ன வேலை பாக்குறார்?"

"நூல் மில்லுல நைட் ஷிப்ட். விடியும்போது வந்து படுப்பான்." தவசிலிங்கத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அவன் கண்ணசர்ற நேரம் பாத்து நான் ஷட்டரைத் தூக்குவேன்."

"தூக்குங்க பாப்போம். தெனமும் தூக்குற மாதிரி."

தவசிலிங்கம் தூக்கினார். துருப்பிடித்த ஷட்டர் அறுபடும் பன்றி மாதிரி கத்திக்கொண்டு மேலே போய் முட்டியது. பழக்கத்தில் பலகைகளையும் எடுத்துத் தரையில் வீசினார். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

திருடன் விட்டுப்போன கடப்பாரை சுவரோரம் கிடந்தது. சாமி ஷட்டரை இறக்கினார். கடப்பாரையை எடுத்து ஷட்டரின் மேல் ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இடிங்க அண்ணாச்சி! நல்லா இடிங்க! நான் செத்த பெறகு நீங்க நிம்மதியா ஓட்டுங்க!"

சாமி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு இருளப்பன் வந்து திறந்தார். சாமியைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

"இப்ப கடப்பாரையால இடிச்சது நான்தான்" என்றார் சாமி. "யாருன்னு நீங்க எட்டிக்கூடப் பாக்கலியே?"

"எதுக்குப் பாக்கணும் சாமி? அவருதானேன்னு இருந்தேன்."

"முந்தாநாள் காலையிலயும் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம? அன்னைக்குக் கொஞ்சம் கூடவே இருந்துச்சு. அண்ணாச்சிக்கு இன்னைக்குக் கோவம் ஜாஸ்தின்னு நெனச்சு, தலகாணியைக் காதுல அமுக்கிட்டுத் திரும்பிப் படுத்தேன்."

சாமியின் பின்னால் வந்த தவசிலிங்கம் வாசலிலேயே நின்றார்.

"திருட்டுன்னு சாயங்காலம்தான் தெரியும்" என்றார் இருளப்பன், அவரைப் பார்க்காமல். "அப்பவே தெரிஞ்சிருந்தா மில்லுக்குக் கொண்டுபோற டிபன் கேரியராலயே அவன் மண்டையை ஒடச்சிருப்பேன். உள்ள விட்டிருப்பேனா?"

சாமி ஷெட்டுக்குத் திரும்பி வந்தார்.

"கிரீஸ் இருக்கா?"

"இருக்கு சாமி" என்றாள் பேச்சியம்மாள். "நான் வாங்கி வெச்ச டப்பா. மூடியைத் தொறக்கவே இவர் விடல. திருடன் கூட அதைத் தொடல."

அவள் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். சாமி மூடியைத் திறந்து, இரண்டு விரலால் வழித்து, ஷட்டர் ஓடும் காடியில் தடவ ஆரம்பித்தார்.

"சாமி, என் சரிவை இடிச்சவன் அவன்."

"ஆமா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வலிக்கத்தான் செய்யும்."

சாமி நிறுத்தவில்லை. தவசிலிங்கம் பூட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சத்தம் இல்லாமப் போச்சுன்னா திருடனுக்குல்ல வசதி?"

"பூட்டைப் போடுங்க. அதை ஒடைக்காம அவனால தூக்க முடியாது. ஒடைச்சா சத்தம் வரும்."

சாமி டப்பாவைத் தவசிலிங்கத்தின் பக்கம் நீட்டினார்.

"அந்தச் சத்தம் கேட்டா, அது நீங்க இல்லைன்னு அவருக்குத் தெரியணும்."