நெய் மைசூர்பாகும் கிணற்றுத் தண்ணீரும்

பங்குதாரர்கள் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுத்தான் ஒரு நிறுவனத்தை நம்புகிறார்கள் என்பது உலகெங்கும் பரவிக் கிடக்கும் மூடநம்பிக்கை. அதை உடனே திருத்தியாக வேண்டும். ஆண்டறிக்கையைக் கடைசி வரி வரை படிப்பவர் ஒருவர்தான்: அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவரிடம் பங்கு கிடையாது.

இது தெரியாமல்தான் வேலப்பன் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். பம்பு செய்யும் நிறுவனத்தின் தலைவர். வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு மங்கையம்மாளுக்கு நாற்பத்தைந்து.

"அம்மா, என்னை ஒருத்தரும் நம்பமாட்டேங்கிறாங்க."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

வேலப்பன் யோசித்தார். "மேடையில ஒரு ஏழெட்டுத் தடவை."

"அப்புறம்?"

"வருஷா வருஷம் கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு மிக்சர் பொட்டலம் தர்றது வழக்கம். இந்தத் தடவை அரைக்கிலோ நெய் மைசூர்பாகு கொடுத்தேன். பளபளன்னு பெட்டியில."

"சாப்பிட்டாங்களா?"

"கோமதிநாயகம்னு ஒருத்தர். தபால் ஆபீஸ் பென்ஷன்காரர், முப்பது வருஷமா வர்றார். பெட்டியைத் திறக்கவே இல்லை. முகர்ந்து பார்த்துட்டுக் கிளம்பிட்டார். மறுநாள் பாதிப் பங்கை வித்துட்டார். அவரைப் பார்த்து மத்தவங்களும் விக்க ஆரம்பிச்சுட்டாங்க."

வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம். அன்று வாக்கெடுப்பில் தோற்றால் ஆலையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி மூடிவிடுவார். முந்நூறு பேருக்கு வேலை போய்விடும்.

குரு எழுந்து போய், பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்க. இதுல ஒண்ணும் இல்ல."

வேலப்பன் வாங்கிக்கொண்டார்.

"தாராளமா குடிக்கலாம்."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"நேத்துக் குடிச்சவர்கூட நல்லாத்தான் இருக்கார். சும்மா குடிக்க வேண்டாம், இந்தாங்க, கல்கண்டு."

வேலப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் தள்ளியே வைத்தார்.

குரு அதை எடுத்துச் செடிக்கு ஊற்றினார். அதே பானையிலிருந்து மறுபடி மொண்டுவந்தார்.

"கிணத்துத் தண்ணி. உப்புக் கரிக்கும். மழை வர்ற வரைக்கும் இப்படித்தான்."

வேலப்பன் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முகம் கோணியது.

"கரிக்குதா?"

"கரிக்குது."

"இன்னொரு டம்ளர்?"

அவர் டம்ளரை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மா, எங்க வார்ப்பு உலையில விரிசல்."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மிக்சர் கொடுத்தார்கள். வேலப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வார்ப்பு உலையில விரிசல் விட்டிருக்கு. எனக்கு மூணு மாசமா தெரியும். சரிபண்ண இன்னும் நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் பாதி பம்புதான் வெளியே போகும்."



மண்டபத்தின் கதவோரம் நின்றிருந்த கோமதிநாயகம் உள்ளே வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்.