ஒரு மாதம் தாமதமாக வந்த தேர்வு

வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு. வெகு காலத்துக்கு முன்னால் அதைச் சூரவல்லபன் என்ற ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் சட்டம் போடுவதில் அவனுக்கு ஒரு பித்து. ஒரு மாதம் அரண்மனைக் கிளிகள் பொய் பேசக் கூடாது என்பான். மறுமாதம் சபையில் யாரும் கொட்டாவி விடக் கூடாது என்பான். அதையெல்லாம் ஓலையில் எழுதுவது அமைச்சர் அம்பலவாணரின் வேலை. எழுதும்போதே வார்த்தைகளுக்கு நடுவில் ஒரு சந்து விட்டுவைப்பார். அகப்பட்டவன் அதில் புகுந்து தப்பிவிடுவான். ராசாவுக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வான்.

ஒருநாள் சந்தையில், கழுத்தில் நெட்டி எடுக்கிறேன் என்று ஒரு போலி ஆசாமி குதிரைக்காரன் ஒருவனைப் படுத்த படுக்கையாக்கிவிட்டான். ராசா கொதித்துப்போனான்.

“எண்ணெய் தேய்த்து நீவுகிறவர், சுளுக்கு வழிக்கிறவர், மூட்டு பொருத்துகிறவர் எல்லாரும் இனி அரண்மனையில் பெயர் பதிந்து ஓலை வாங்க வேண்டும். ஓலை இல்லாமல் யார் மேலும் கை வைக்கக் கூடாது. எழுதும், அம்பலவாணரே.”

நியாயமான சட்டம் என்றே அமைச்சருக்கும் பட்டது. தேர்வில் தேறியவருக்கே ஓலை. தேர்வு நடக்கும்போது மட்டும் ஓலை இல்லாதவரும் நோயாளியைத் தொடலாம் என்று எழுதினார். அப்போது அரண்மனை வைத்தியர் நாகலிங்கப் பண்டிதர் எழுந்தார்.

“வைத்தியப் பாட்டு நூறும் ஒப்பிக்க வேண்டும் என்று சேர்க்கணும், பிரபு. பாட்டே தெரியாதவர் கையை எப்படி நம்புவது?”

பண்டிதருக்கு யார்மேல் பொறாமை என்று அமைச்சருக்குத் தெரியும். தறிக்காரத் தெருவில் பேச்சியம்மை என்று ஒருத்தி இருந்தாள். விலகின தோளைப் பேச்சுக் கொடுத்தபடியே குழியில் ஏற்றிவிடுவாள். பண்டிதரின் மனைவியே இடுப்புப் பிடிப்புக்கு முக்காடு போட்டுக்கொண்டு அவளிடம்தான் போய்வந்தாள். பேச்சியம்மைக்கு எழுத்தும் தெரியாது, பாட்டும் தெரியாது.

மறுத்துச் சொல்ல அம்பலவாணர் வாயெடுத்தார். அன்று ராசா கோபத்தில் இருந்தான், அமைச்சருக்கும் பசி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி முடித்துவிட்டார்.

தேர்வுக்கு வந்த பேச்சியம்மையிடம் பண்டிதர் முதல் பாட்டைக் கேட்டார்.

“பாட்டு வராது சாமி. ஆளைக் காட்டுங்க, கை வச்சுப் பார்த்துச் சொல்றேன்.”

“ஆள் அப்புறம். பாட்டு முதலில். வராதென்றால் அடுத்த தை மாதம் வா.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதன்பின் யாரையும் தொடவில்லை. ஓலை வாங்கியவர்கள் பண்டிதரும் அவருடைய சீடர்கள் இருவரும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஆண்டியப்பன் என்ற நெசவாளிக்கு, கூரை வேயும்போது விழுந்து, வலது தோள் விலகிவிட்டது. பண்டிதர் வீட்டில் பாட்டு சொல்லிக் கஷாயம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள், கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி அமைச்சர் வாசலில் வந்து நின்றான்.

“ஐயா, பேச்சியக்கா தொட்டா சரியாயிடும். ஓலை இல்லாம தொடமாட்டேங்குது. இருபது நாள் தாண்டினா தோள் குழியில ஏறாதாம். ஒரு வழி பண்ணுங்க.”

அண்டை நாட்டுத் தூதரை வரவேற்க அமைச்சருக்குப் பல்லக்கு காத்திருந்தது.

“சட்டமாச்சே அப்பா. நேரம் பார்த்து ராசாவிடம் பேசுகிறேன். பொறுத்துக்கொள்.”

ஆண்டியப்பன் நம்பிக்கையோடு போனான். தூதர் வந்தார், விருந்து நடந்தது. அமைச்சருக்கு அவன் நினைவே வரவில்லை.

ஒரு மாதம் போனது. கொட்டாவி விட்டது யார் என்று சட்டென்று திரும்பிப் பார்த்த ராசாவின் கழுத்து இடப்பக்கமே பிடித்துக்கொண்டது. பண்டிதர் ஓடிவந்து பாட்டு சொன்னார்.

“பண்டிதரே, எங்கே நிற்கிறீர்?”

“வலப்பக்கம், பிரபு.”

“அங்கேயே நில்லும். உம்மைப் பார்க்க முடியாதது ஒன்றுதான் இப்போது எனக்கு ஆறுதல்.”

பேச்சியம்மையை அழைத்துவந்தார்கள். அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் தொடமாட்டேன், மகாராசா.”

“இது என் உத்தரவு.”

“எங்க தெருவுல ஆண்டியப்பன்னு ஒருத்தன் தோள் விலகி அழுதுக்கிட்டு வந்தான். சட்டம்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். ராசாவுக்குன்னதும் தொட்டுட்டா, அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?”

அந்தப் பெயரைக் கேட்டதும்தான் அம்பலவாணருக்குத் தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. மெல்ல எழுந்தார்.

“பிரபு, அவள் சட்டத்தை மீற வேண்டாம். தேர்வு என்றைக்கு என்று சட்டத்தில் இல்லை. இப்போதே நடத்துவோம். நோயாளி தாங்கள்.”

“பாட்டு நூறு?” என்றார் பண்டிதர்.

“ஒப்பிப்பாள். கைக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதவில்லையே. வருடத்துக்கு ஒரு பாட்டாகச் சொல்லட்டும். நூறு முடியும்வரை தேர்வும் முடியாது. அதுவரை அவள் யாரையும் தொடலாம்.”

ராசா சிரித்தான், வலியில் முனகினான். பேச்சியம்மை அவன் காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து, “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள். “பொங்கல்...” என்று அவன் தொடங்கும்போதே கழுத்து திரும்பிவிட்டது.

திரும்பின கழுத்தோடு ராசா முதலில் பார்த்தது பண்டிதரைத்தான்.

“பாட்டு விதியை இன்றோடு எடுத்தாயிற்று. இனி கையைப் பார்த்தே ஓலை. உம் ஓலையை வைத்துவிட்டுப் போய், ஒரு வருடம் இந்த அம்மாவுக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடியும். அம்பலவாணரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்.”

“பேச்சியம்மையோடு இப்போதே தறிக்காரத் தெருவுக்குப் போக உத்தரவு வேண்டும்” என்றார் அமைச்சர்.

ஆண்டியப்பன் வீட்டில் அவன் மனைவி தறியில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறி நெய்துகொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மை அவன் தோளைக் கண்மூடி வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“முப்பத்தாறு நாளாச்சுங்க. இனி இழுத்தா நரம்பு போயிடும்.”

ஆண்டியப்பன் அமைச்சரைப் பார்த்தான்.

“ராசாகிட்டப் பேசினீங்களா ஐயா?”

“இன்றைக்குத்தான் பேசினேன். நீ வந்த அன்றே அந்த வழி இருந்தது. நான் தேடிப் பார்க்கவில்லை.”

அவன் இடக்கையால் பாயை இழுத்துப் போட்டு, “உட்காருங்க ஐயா” என்றான்.

முடிவே இல்லாத அந்தத் தேர்வைப் பற்றி நாடே வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சபையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அம்பலவாணர் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.