நல்லசாமி துடைத்த தரை

செய்யவே கூடாததைச் செய்துவிட்டார் நல்லசாமி.

கணினித் தடயம் பார்க்கும் தொழிலில் முதல் பாடமே அதுதான். வந்த லேப்டாப்பைத் தொடாதே. முதலில் அச்சு அசலாக ஒரு நகல் எடு. நோண்டுவதெல்லாம் நகலில் நோண்டு. பேங்க் வேலையை உதறிவிட்டு, தன்னைவிட வயதில் சின்னவரான தமயந்தியிடம் சிஷ்யராகச் சேர்ந்தபோது இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார் அவர். ஆனாலும், சும்மா ஒருதடவை பார்த்துவிடலாமே என்று ஒரு நப்பாசை.

லேப்டாப் கோவைக் கோர்ட்டிலிருந்து வந்தது. சகாயமேரி கண் எரிய எரிய உட்கார்ந்து வரைந்த பெட்ஷீட் டிசைனை, அவளுடைய பழைய பார்ட்னர் தன்னுடையது என்று விற்றுக்கொண்டிருந்தான். அவள் வழக்குப் போட்டாள். அவளுடைய பென்டிரைவிலிருந்துதான் அது அவனுடைய இந்த லேப்டாப்புக்குள் ஏறியது என்பதற்கு, உள்ளே பதிந்திருக்கும் தேதிகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அந்த ஃபைலைத்தான் நல்லசாமி திறந்து தொலைத்தார். கடைசியாகத் திறந்த தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி பல்லை இளித்தது.

"மேடம், லேப்டாப் கடிகாரத்தப் பின்னால தள்ளி வெச்சு, பழைய தேதியவே வர வெச்சுட்டா... யாருக்குங்க தெரியப் போகுது?"

தமயந்தி திட்டவில்லை.

"அது கெடக்கட்டுங்கண்ணா. ஸ்டோர் ரூம்ல பழைய கீபோர்டு ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வாங்க. நீங்க உள்ள போனது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

இதென்னடா கூத்து என்றிருந்தது. போனார். மாதக்கணக்கில் யாரும் பெருக்காத அறை. தூசி, மாவு கொட்டினாற்போல் கிடந்தது. கீபோர்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் தரையெல்லாம் தன் காலடி. மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, பின்பக்கமாக நடந்து பெருக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"சுத்தமாப் பண்ணிட்டனுங்க மேடம்."

தமயந்தி உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, எலித்தடம் எங்கங்கண்ணா?"

"எலியா?"

"ஒயரையெல்லாம் கடிச்சுப் போடுதே, அதுதான். எந்தப் பொந்துக்குப் போகுதுன்னு காலைல தூசியில அப்படியே தெரிஞ்சுது. பொறி வெக்கலாம்னு பெருக்காம விட்டிருந்தேன்."

நல்லசாமி விழித்தார். "என் காலடி தெரியக் கூடாதுன்னு நீங்கதானுங்களே..."

"உங்க காலடி அங்க இருந்திருந்தா, இது நல்லசாமியண்ணன் காலுன்னு தள்ளிட்டு எலியத் தேடியிருப்பேன். இப்ப எதத் தேடறது?"

நல்லசாமி விளக்குமாற்றைக் கீழே வைத்தார். மேஜைக்கு வந்து அறிக்கையைத் திறந்தார். 'நகல் எடுக்கும் முன் ஃபைலைத் திறந்தது நான்; அதில் இருக்கும் இன்றைய தேதி என்னுடையது' என்று அடித்தார்.

"எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாருங்க. ஜட்ஜ் என்னை நம்பாமப் போயிட்டா?"

"நம்பாட்டிப் போகட்டுங்கண்ணா. லேப்டாப்ப நம்பினாப் போதும்."