நீல வைரத்தில் மட்டும்

மலையடிவார ஆசிரமத்தில் எல்லோருக்கும் குரு மங்கையர்க்கரசி அம்மா. அவருடைய சீடர் சிவக்கொழுந்து அவரைவிட இருபது வயது மூத்தவர். திருச்சியில் ரத்தினக் கற்களைச் சோதித்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். மனைவி பாக்கியம் இறந்தபின் வீட்டை மகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

தீட்சைக்கு முதல் நாள் காலை அவர் குருவிடம் போனார். எனக்குத் தகுதி இல்லை, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். கண்ணை மூடினால் கடவுள் வருவதில்லை, பாக்கியம்தான் வருகிறாள், வந்து சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொல்கிறாள் என்று வருந்தினார்.

"அவளை மனசிலிருந்து எப்படிம்மா எடுக்கிறது?"

குரு எழுந்து உள்ளே போய் வந்தார். ஒரு கிண்ணம் கஞ்சியைக் கையில் கொடுத்தார். கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள், கணவனை இழந்தவள், நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை, போய்ப் பாருங்கள் என்றார்.

அந்தப் பெண்ணிடம் மற்ற சீடர்கள் ஏற்கெனவே ஆன்மா அழியாதது என்று சொல்லிப் பார்த்திருந்தார்கள். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவக்கொழுந்து கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கியம் போன பிறகும் ரொம்ப நாள் இரண்டு பேருக்கே அரிசி களைந்து வைத்ததைச் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவங்க பேரு என்ன என்று கேட்டாள். பிறகு தன் கணவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி அழுது, கஞ்சியைக் குடித்தாள்.

காலிக் கிண்ணத்தோடு வந்தவரைக் குரு உட்காரச் சொன்னார்.

"ஐயா, வைரத்துல மின்சாரம் பாயுமா?"

"பாயாதும்மா. நீல வைரத்துல மட்டும் பாயும். என் கைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. மீட்டர்ல முள் நகர்ந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாக்கியத்துகிட்டதான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல சாப்பிடுங்கன்னா."

குரு சிரித்துவிட்டார். அதில் மட்டும் ஏன் பாய்கிறது என்று கேட்டார்.

"வைரம்னா வெறும் கரிதாம்மா. நீலத்துல போரான்னு வேற ஒண்ணு துளியூண்டு கலந்திருக்கும். அதுதான் மின்சாரத்துக்கு வழி விடுது."

"அந்தத் துளியை எடுத்துடலாமா?"

"முடியாதும்மா. பூமிக்குள்ள கல்லு விளையும்போதே சேர்ந்தது. அதை எடுத்துட்டா அப்புறம்..."

அவர் நிறுத்திக்கொண்டார். கூடத்தில் அந்தப் பெண் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது.

குரு அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில தீட்சைக்கு வந்துடுங்க, ஐயா. பாக்கியம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."