பவளாயி வெட்டிய வெந்நீர்க் கிணறு

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கையை நீட்டினால் மேகம் ஈரமாக ஒட்டிக்கொள்ளும் உயரத்தில் பனிமேடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின்மேல் நீறுவாயன் என்ற மந்திரவாதிக்கு ஒரு கண். ராஜா தன் மணிமுடியைத் தர மாட்டேன் என்றதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மந்திரக் குடுக்கையைத் திறந்தான். "சுடரே சுடரே, குடுக்கைக்குள் வா!" என்று மூன்று தரம் கூவினான்.

அவ்வளவுதான். அடுப்புச் சுடர், விளக்குச் சுடர், கொல்லன் உலைச் சுடர் எல்லாம் பறந்துபோய்க் குடுக்கைக்குள் விழுந்தன. புதிதாகக் கல்லை உரசிப் பற்றவைத்தாலும், பற்றிய உடனே அதுவும் பறந்தது.

"மூன்றே நாள்! அதற்குள் முடி என் காலடிக்கு வரவேண்டும். இல்லையென்றால் எல்லாரும் விறைத்துச் சாகுங்கள்!" என்றான் நீறுவாயன்.

ராஜாவுக்கு ரோஷம். ரோஷத்தை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா? ஊரே ஊறவைத்த அரிசியை மென்றது.

கிணறு வெட்டும் பவளாயிக்கு அரிசியைப் பற்றிக் கவலையில்லை. அவளுடைய மூன்று மாதக் குழந்தை பூமயிலுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. வீட்டிலிருந்த துணியையெல்லாம் சுற்றியும் பிள்ளை நடுங்கியது. ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ரகமா பவளாயி? புருஷன் மாசாணனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, போன வருஷம் மேலக் கிணத்தை ஏன் பாதியில விட்டோம்?"

"அடியில மண்ணு சுட்டுச்சு. மண்ணு சுட்டா பூதம் இருக்குன்னு அர்த்தம். மண்வெட்டியைப் போட்டுட்டு ஏறிடணும். அதானே நம்ம வழக்கம்?"

"பூதம் இருக்கோ இல்லையோ, சூடு இருக்குல்ல? அந்தச் சூட்டுக்குச் சுடரே கிடையாதே! நீறுவாயன் எதைப் பிடிச்சு இழுப்பான்?"

மாசாணன் வாயைப் பிளந்தான். பிறகு ஓடிப்போய் ராட்டினத்தில் கயிறு மாட்டினான்.

முதல் நாள் வெட்டினாள், மண் வெதுவெதுத்தது. இரண்டாம் நாள் வெட்டினாள், மண் சுட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் வெட்டினாள், பாறையே கொதித்தது. கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து!

"எவளடி என் கூரையை இடிக்கிறவள்?"

பாறை வெடிப்பில் பானை அளவுக்கு ஒரு சிவந்த கண் விழித்தது. பவளாயி வழக்கப்படி ஓடியிருக்கலாம். ஓடினால் பூமயில் என்ன ஆவாள்?

"நான்தான் சாமி, பவளாயி. கொஞ்சம் சூடு வேணும்."

"பூமி பிறந்த நாள் முதலாய் இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். கேட்டவள் நீ ஒருத்திதான்! எதற்கு?"

"எம்பிள்ளை குளிர்ல விறைக்குது."

"பிறகு?"

"ஊருக்குச் சோறு வேகணும்."

"பிறகு?"

"மிச்சமிருந்தா செக்கைச் சுத்தட்டும் சாமி. பானை மூடியைத் தூக்குற ஆவிக்குச் செக்கைத் தள்ளத் தெரியாதா?"

மலை குலுங்கும்படி பூதம் சிரித்தது. "எடுத்துக்கொள்! ஆனால் தண்ணீர் ஆறியதும் எனக்கே திருப்பி ஊற்ற வேண்டும். உறிஞ்சிக்கொண்டே இருந்தால் என் தொண்டை வறண்டுவிடும். அப்புறம் உனக்கும் ஒன்றும் வராது."

"பக்கத்துலயே இன்னொரு கிணறு வெட்டி ஊத்திடறோம். சத்தியம்! ஏங்க, இழுங்க!"

அவள் மேலே வந்ததும் பின்னாலேயே புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, வெந்நீர் பொங்கியது. ஊர் மொத்தமும் மூங்கில் குழாய்களோடு ஓடிவந்தது. வீட்டுத் தரைகளுக்கு அடியில் வெந்நீர் ஓடியது. ஆறிய தண்ணீரைத் திருப்பி ஊற்றப் பக்கத்திலேயே இன்னொரு கிணறும் வெட்டத் தொடங்கினார்கள். வெதுவெதுத்த தரையில் பவளாயி பிள்ளையைக் கிடத்தினாள். நீல உதடு மெல்ல மெல்லச் சிவந்தது. பவளாயி அப்போதுதான் அழுதாள். வெளியே ஆவியில் இட்டலி வெந்தது. மூட்டுவலிக்காரர்கள் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி "அப்பாடா!" என்றார்கள். செக்கு தானாகச் சுற்ற, மாடு நின்று வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் நீறுவாயன் முடியை வாங்க வந்தான். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திகைத்தான். "சுடரே சுடரே, குடுக்கைக்குள் வா!" என்று கத்தினான். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தரம் கத்தினான், மூன்றாம் தரம் கத்தினான். வாண்டுகள்தான் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"சூட்டை எங்கேயடி ஒளித்தாய்?" என்று எதிரே நின்ற பவளாயியிடம் சீறினான்.

"ஒளிக்கலையே! அதோ கிணறு. வேணும்னா நீயும் எடு. எடுத்ததைத் திருப்பி ஊத்திடணும், அவ்வளவுதான்."

"திருப்பித் தருவதா? நானா?" என்று உறுமினான் நீறுவாயன். குடுக்கையைக் குழாயின் வாயில் கவிழ்த்து அழுத்திப் பிடித்தான். குடுக்கை பூசணிக்காய் அளவு உப்பியது. அண்டா அளவு உப்பியது. "விடுய்யா, வெடிச்சிரும்!" என்று பவளாயி கத்தினாள். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

டமார்!

குடுக்கை சுக்குநூறாகச் சிதறியது. உள்ளே கிடந்த சுடரெல்லாம் பறந்து, அதனதன் அடுப்பில், அதனதன் விளக்கில், அதனதன் உலையில் போய் உட்கார்ந்தது. குடுக்கையோடு மந்திரமும் போய்விட்டது. தெப்பலாக நனைந்த நீறுவாயன் எடுத்தான் பார் ஓட்டம்! மூன்று மலை தாண்டியும் அவன் நிற்கவில்லையாம்.

ஊரே பவளாயியைத் தோளில் தூக்கிக் கூத்தாடியது. ராஜா பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தே வந்தார். "இனி இந்த நாட்டுக் கிணறுகளுக்கெல்லாம் நீதான் அம்மா தலைவி!" என்றார். தம் பட்டுச் சால்வையைக் குழந்தைக்குப் போர்த்தினார்.

பவளாயி அதை மெல்ல எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"மன்னிக்கணும் மகாராஜா. பிள்ளைக்கு வேர்க்குது!"

பூமயில் அப்படியே நன்றாக வியர்த்து, நன்றாகச் சிரித்து, நூறு வயது இருந்தாள். கதை கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்!