நேரலையில் தாய்மாமன்

ஆலங்கிணற்றிலிருந்து கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போன நாலு பேரையும் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெரியவர் சொன்னாலும் சரி, சின்னவர் சொன்னாலும் சரி, சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

கூட்டத்துக்குத் தலைவர் பூவலிங்கம். கல்யாணப் பெண் கனிமதிக்குத் தாய்மாமன். மற்ற மூவரும் அவருக்குத் துணை. உலகநாதன் எழுத்துக் கூட்டாமல் படிப்பார் என்பதால் ஊருக்கே அறிவாளி. செவந்தியப்பன், "நேராப் போங்க" என்று யாரோ வழி சொன்னதைக் கேட்டு மோட்டார் சைக்கிளோடு கண்மாய்க்குள் போனவர். அன்றிலிருந்து வலது காலில் இரும்புக் கம்பியோடு நடக்கிறார். கொண்டல்சாமிக்குச் சந்தேகம் கேட்பதுதான் வேலை. அதற்காகவே அவரை எங்கேயும் விடாமல் கூட்டிப்போவார்கள்.

பூவலிங்கத்துக்கு இது சாதாரணக் கல்யாணம் இல்லை. கனிமதியின் காதுகுத்தின்போது தங்கச்சி வடிவு, "விடியறதுக்குள்ள வந்துருண்ணே" என்று சொல்லியிருந்தாள். பாதி வழியில் விடிந்துவிட்டது. இனிமேல் போகக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை வேறு யார் மடியிலோ உட்கார்ந்து காது குத்திக்கொண்டது. வடிவுக்கு அது ஆறவே இல்லை.

இந்தத் தடவை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "மாமன் கையால மாலை போடாம மணவறைக்கு வரமாட்டேன்னு ஒம் மருமக ஒத்தக் கால்ல நிக்கிறா. இதுக்கும் வராமப் போனா எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்கிருவேன்." பூவலிங்கம் அழுதுவிட்டார். தங்கச்சி மேலும் அவள் மகள் மேலும் உயிரையே வைத்திருக்கிற மனுஷன். மதுரையில் நல்ல மாலையாக வாங்கி, வாழையிலையில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

கல்யாணம் அந்த ஓட்டலின் கீழ்த்தளத்து மண்டபத்தில். இவர்களுக்கு மூன்றாம் மாடியில் வடிவு ரூம் போட்டிருந்தாள். காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, மாலையைக் கையில் எடுத்தாகிவிட்டது. கதவைத் திறக்கப்போகும் நேரத்தில் உலகநாதன் போனில் வந்த பத்திரிகையை இன்னொரு தடவை படித்தார்.

"நில்லுங்க, நில்லுங்க. அடியில ஒண்ணு போட்டிருக்கு. 'மணமக்களை நேரலையில் கண்டு வாழ்த்த அன்புடன் அழைக்கிறோம்.'"

"நேரலைன்னா?" என்றார் கொண்டல்சாமி.

"நேர், அலை. நேர்ல வந்து அலையாதீங்கன்னு அர்த்தம். டிவியில பாக்கணும்."

"மண்டபம்னு மேல போட்டிருக்கே?"

"அது கல்யாணம் நடக்குற எடம். கண்டு வாழ்த்துற எடம் நேரலை. மண்டபத்துல கண்டு வாழ்த்தணும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

போன் கைமாறிக் கைமாறிப் போனது. அப்படி எங்கேயும் போடவில்லை. நாலு பேரும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"அப்ப மாலையை எப்படிப் போடுறது?" என்று கேட்டார் பூவலிங்கம். மாலையை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு டிவியில வரட்டும். வந்ததும் போட்டுரு" என்றார் உலகநாதன்.

உலகநாதனின் மருமகன், ஓட்டலில் பொழுது போகட்டும் என்று ஒரு குச்சியைக் கொடுத்தனுப்பியிருந்தான். டிவிக்குப் பின்னால் செருகி வைஃபையைச் சேர்த்தால் நெட்டில் ஓடுவதெல்லாம் டிவியில் ஓடும். பின்னால் செருகச் சொன்னதால் முதலில் டிவிக்குப் பின்னால் இருந்த சுவரில் ஓட்டை தேடிச் செருகிப் பார்த்தார்கள். அப்புறம் கொண்டல்சாமி சந்தேகம் கேட்டதன் பேரில் டிவியிலேயே செருகினார்கள். திரை வெளிச்சமானது. ஓட்டல் வைஃபையைத் தொட்டதும், ரூம் நம்பர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்டது.

"கடைசிப் பேரா? நம்மள்ல யாரு கடைசி?"

"ரூமுக்குள்ள கடைசியா வந்தது செவந்தியப்பன்தான்."

"கால் வலிக்குதேன்னு மெதுவா வந்தேன்பா. அதுக்காகக் கடைசி ஆளு ஆயிருவனா? வயசுல நான் மூத்தவன்."

அதுவும் நியாயம்தான். எல்லாரும் வெளியே போய்ப் புதுசாக உள்ளே வருவதென்று முடிவானது. கடைசி ஆளாக வர யாருக்கும் மனசில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்து, நிலையில் சிக்கி, பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் தானாக வந்து சாத்திக்கொண்டது.

"கடைசியா உள்ள வந்தது கதவுதான்" என்றார் உலகநாதன். 'கதவு' என்று அடித்தார். டிவி ஒப்புக்கொள்ளவில்லை.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டார்கள். ஹேமப்ரியா என்ற பெண் எடுத்தாள். "ரூம் புக் பண்ணுனவங்க பேரைப் போடுங்க சார். வடிவுன்னு போட்டிருக்குதுங்க" என்றாள். போட்டார்கள். அடுத்து, 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு கட்டமும் வந்தது.

உலகநாதன் டிக் அடிக்க எடுத்த ரிமோட்டை செவந்தியப்பன் பிடித்துக்கொண்டார். "பொறு. நானும் இந்த ரூம்லதான இருக்கேன். எனக்கு முழங்காலுக்குக் கீழ இரும்பு. எப்படி அல்லன்னு சொல்றது?"

"நல்ல நாளும் அதுவுமா பொய் சொல்லக் கூடாது" என்றார் பூவலிங்கம்.

"அப்ப செவந்தியப்பன் வெளிய நிக்கட்டுமா?" என்றார் கொண்டல்சாமி.

"முழுசா எதுக்கு? முழங்காலுக்கு மேல மனுஷன்தான. காலை மட்டும் வெளிய வச்சாப் போதும்" என்றார் உலகநாதன்.

செவந்தியப்பன் கதவை ஒருக்களித்து, வலது காலை மட்டும் வராந்தாவில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் டிக் அடித்தார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து நாயனச் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டாங்க போலயே" என்று பூவலிங்கம் பதறினார்.

"சன்னலைச் சாத்து. இந்தச் சத்தத்துல டிவி கேக்காது" என்றார் உலகநாதன். சாத்தினார்கள். மறுபடியும் ரிசப்ஷனைக் கூப்பிட்டார்கள்.

"சுத்திட்டே இருக்குதுங்களா? ஒண்ணுமில்லீங்க சார். அந்த நெட்வொர்க்கை மறந்துட்டு, மறுபடி கனெக்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஹேமப்ரியா போனை வைத்தாள்.

நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மறந்துட்டியா?" என்றார் பூவலிங்கம்.

"எதை?" என்றார் செவந்தியப்பன் வாசலிலிருந்து.

"நெட்வொர்க்கைத்தான்."

"அட போப்பா! மறந்துதான் இருந்தேன். நீதான் ஞாபகப்படுத்திட்ட."

மறுபடியும் முதலிலிருந்து மறந்தார்கள். பூவலிங்கத்தால் முடியவில்லை. கண்ணை மூடினால் வடிவு முகம் வந்து நின்றது, அதோடு காதுகுத்தும் வந்தது. உலகநாதனுக்கு ஞாபகசக்தி அதிகம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் கொண்டல்சாமிதான் கண்ணைத் திறந்து, "நாமெல்லாம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கோம்?" என்று கேட்டார்.

"மறந்துட்டான்!" என்று மூவரும் கத்தினார்கள். பூவலிங்கம் அவரைக் கட்டிப்பிடித்தார். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, "கனெக்ட் பண்ணுப்பா" என்றார்கள்.

"எதோட?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

கொண்டல்சாமி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பூவலிங்கத்துக்கு அடக்க முடியவில்லை. மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்பினார். "அன்னைக்கும் வழியில விட்டேன், இன்னைக்கும் விடப்போறேன். எந் தங்கச்சி முகத்துல இனி எப்படி முழிப்பேன்?"

செவந்தியப்பனுக்கும் கண் கலங்கியது. அவரே ரிசப்ஷனுக்குப் போன் போட்டார். அழுகைச் சத்தத்தைக் கேட்டு ஹேமப்ரியா நேரிலேயே வந்துவிட்டாள். வாசலில் நீண்டிருந்த காலைத் தாண்டி உள்ளே வந்து, ரிமோட்டை வாங்கி இரண்டு மூன்று பட்டனை அமுக்கினாள். வைஃபை வந்துவிட்டது.

"எதுங்க சார் பாக்கணும்?"

உலகநாதன் பத்திரிகையை நீட்டினார். அவள் படித்துவிட்டு நாலு பேரையும் பார்த்தாள். பூவலிங்கம் கையிலிருந்த மாலையையும் பார்த்தாள்.

"சார், இந்தக் கல்யாணம் கீழ நம்ம மண்டபத்துலதானுங்க நடக்குது."

"தெரியும்மா" என்றார் உலகநாதன் பெருந்தன்மையாக. "அதனாலதான் இதே ஓட்டல்ல தங்கியிருக்கோம். கிட்ட இருந்தா டிவியில நல்லாத் தெரியும்."

ஹேமப்ரியா நேரலையை ஓடவிட்டுவிட்டு, வேகமாகக் கீழே இறங்கிப் போனாள்.

மணவறை கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. ஐயர் விசிறிக்கொண்டே வாசலைப் பார்த்தார். ஓர் ஓரத்தில் வடிவு முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது.

"எந் தங்கச்சி அழுகுறாளே!" என்றார் பூவலிங்கம்.

"வர வேண்டிய ஆளு யாரோ வரலை போலருக்கு" என்றார் கொண்டல்சாமி.

"பாவிப்பய, யாருன்னு தெரியலையே" என்று பூவலிங்கம் பல்லைக் கடித்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, பட்டும் நகையுமாக ஒரு பெண் மூச்சிரைக்க வந்து டிவிக்கு முன்னால் நின்றாள்.

"மாமா!"

"கொஞ்சம் ஒதுங்கு தாயி, மறைக்குது" என்றார் பூவலிங்கம் திரையை எட்டிப் பார்த்தபடி. "அங்க பொண்ணைக் காணோம்னு எல்லாரும் தவிச்சுக்கிட்டு இருக்காங்க."

"மாமா, நான்தான் பொண்ணு."

பூவலிங்கம் அவளைப் பார்த்தார். கனிமதியேதான். "இங்க என்னத்தா பண்ற? அங்க ஒன்னையத் தேடுறாங்க. ஓடு, ஓடு!"

கனிமதி பிறந்ததிலிருந்து இவருக்கு மருமகள், பேசிப் பயனில்லை என்று தெரியும். மாமனை ஒரு கையிலும் மாலையை ஒரு கையிலும் பிடித்து, லிஃப்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மற்ற மூவரும் கடமை தவறாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் மண்டபத்தில் பரபரப்பு ஏற்பட்டது. பெண் வந்துவிட்டாள். மேளம் முழங்க, மேடையில் ஓர் ஆள் அவள் கழுத்தில் மாலையைப் போட்டார். வடிவு அழுதுகொண்டே சிரித்தாள்.

"யாருப்பா அவன்?" என்று துள்ளி எழுந்தார் செவந்தியப்பன். "தாய்மாமன் போடுற மாலையை எவனோ ஒருத்தன் போடுறான்!"

"பூவலிங்கம் எங்க?"

"இப்பத்தான வெளிய போனாரு. ஆளு நகர்ற நேரம் பாத்துச் செஞ்சிருக்கான்."

"சட்டை பூவலிங்கம் சட்டை மாதிரியே இருக்கே?" என்றார் கொண்டல்சாமி.

"சட்டையையும் விட்டு வைக்கலையா?" என்று கொதித்தார் உலகநாதன். உடனே பூவலிங்கத்துக்குப் போன் போட்டார். திரையில் அந்த ஆளும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பூவலிங்கம், மோசம் போனோம்ப்பா! எவனோ ஒருத்தன் ஒம் மருமகளுக்கு மாலையைப் போட்டுட்டான். மேடையிலயே நிக்கிறான், கூசாம போன் வேற பேசிக்கிட்டு இருக்கான்!"

பூவலிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். போன் பேசுகிற ஆள் வேறு யாரும் கண்ணில் படவில்லை. "இருங்க, அங்கயே வர்றேன். டிவியிலதான் நல்லாத் தெரியும்" என்று மேடையிலிருந்து குதித்து, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்க? எங்க அவன்?"

நாலு பேரும் திரையில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினார்கள். மாப்பிள்ளை இருந்தார், பெண் இருந்தாள், வடிவு யாரையோ தேடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் நின்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இப்பத்தான் நின்னான்" என்றார் உலகநாதன். "நீ வர்றேன்னு சொன்னதும் விழுந்தடிச்சு ஓடிட்டான்."

பூவலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பயம் இருக்கட்டும்" என்றார்.